ஏழு மெற்றில்டாக்கள்

“தங்கச்சி, இஞ்சை ஏன் எல்லாரும் பிள்ளையளுக்கு மெற்றில்டா எண்டு பேர் வைக்கினம்?” என்று சுகிர்தா கேட்டாள்.

முதுகலை ஆய்வுக்காக, முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து உடையார்கட்டில் ஓலைக் கொட்டில்களில் இருந்த குடும்பங்களைக் கணக்கெடுக்க வந்தவள் அவள். அவள் பேர்கூடக் கேட்டிராத, வழிகாட்ட வந்த சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

“பன்னிரண்டு கொட்டிலிலை ஏழு மெற்றில்டா! எல்லாருக்கும் பதினாலு வயசு. எல்லாரும் பள்ளிக்கூடத்தை விட்டவை. நான் போற நேரம் ஒருத்தியும் வீட்டிலை இல்லை. இதையே ஒரு அத்தியாயமா எழுதப்போறன்.”

“எழுதாதேங்கோ அக்கா.”

“ஏனப்பா? வெள்ளிக்கிழமை பேராசிரியருக்கு அனுப்பவேணும். கணக்குப் பிழைச்சால் என்ரை ஆய்வையே நிப்பாட்டிப்போடுவார்.”

“நீங்கள் பைலோடை வாறீங்கள். நிவாரணத்துக்குப் பதிய வந்த ஆள் எண்டு சனம் நினைக்குது. ஆள் கூடினால் அரிசியும் கூடும்தானே?”

“அப்ப இந்த மெற்றில்டாக்கள்?”

“உன்ரை பேரைத் தா பிள்ளை எண்டு ஒவ்வொருத்தராக் கேட்டவை. மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாயிருந்தது.” சிறுமியின் குரல் இறங்கியது. “அந்த ஏழு பேரும் நான்தான், அக்கா.”

சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இனி நான் என்ன செய்யிறது?”

“பைலை வைச்சிட்டுப் போங்கோ. தேத்தண்ணி தந்தால் குடியுங்கோ. இருந்து கதையுங்கோ. அவையே எல்லாம் சொல்லுவினம்.”

சுகிர்தா பைலை அவள் கையில் வைத்தாள். பிறகு வெறுங்கையோடு முதற் கொட்டிலை நோக்கி நடந்தாள்.