முகாமுக்கு ஆள் எடுத்த காக்கை

கலெக்டர் கச்சேரிப் புளியமரத்தடியில் ஐந்து சோற்றுருண்டைகளை வைத்துவிட்டு, ஐந்து டவாலிச் சேவகர்களும் காக்கையைக் கூவி அழைத்தார்கள். யாருக்கும் திவசம் இல்லை. நாங்குநேரி ஜமாபந்தி முகாமுக்குத் துரையோடு யார் போவது என்று முடிவாக வேண்டும்.

சேவகர் சங்கம் ஆரம்பித்த புதிது. எல்லாம் நியாயப்படி நடந்தாக வேண்டும். பூக்கட்டிப் பார்க்கக் கிருபைராஜ் சம்மதிக்கவில்லை. ஜெபம் பண்ணிச் சீட்டெடுக்கப் பூதத்தான் ஒப்பவில்லை. காஜா முகைதீனுக்கு இரண்டுமே ஆகாது. காக்கைதான் எந்த மதத்திலும் சேராதது. அது கொத்தும் உருண்டைக்காரர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காரணம் சொல்லித் தப்பவும் இடமில்லை. போன முகாமுக்குக் காரணம் கேட்டதில் எல்லாருக்கும் ஒரே நாளில் அத்தை செத்துப்போனாள்.

சேவகர் சிவசைலத்துக்கு முகாம் நாளில் வீட்டில் விசேஷம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் மகள் கோமுவைப் பெண் பார்க்கச் சேரன்மகாதேவியிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போன பெண். அலைந்து வரன் பிடித்தது மைத்துனர். நல்ல இடம், தகப்பனாருக்கும் சர்க்கார் உத்தியோகம் என்றதும் சிவசைலம் அதற்குமேல் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு வீட்டில் இருந்தால் போதும் என்று வெட்கத்தை விட்டு உருண்டையில் வேப்பெண்ணெய் விட்டுப் பிசைந்திருந்தார்.

காக்கை வந்தது. சிவசைலத்தின் உருண்டைக்குக் கிட்டே போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, விலகி நடந்தது. பூதத்தானுடையதில் பெருங்காயம் நாறியது, கிருபைராஜுடையதில் மண்ணெண்ணெய். காஜா முகைதீனுடையது மிளகாய்ப்பொடியில் செக்கச்செவேலென்று இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசியில் அது, நேற்றுத்தான் மாற்றலாகி வந்த ஐயம்பெருமாளின் உருண்டையை ஆசைதீரக் கொத்தியது. அப்பாவி மனுஷர், பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்திருந்தார்.

சிவசைலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவரே போய் ஆறுதல் சொன்னார்.

"சங்கம் சொன்னா கட்டுப்படணும்லா அண்ணாச்சி. இங்கன ஏதும் சோலி இருந்தா சொல்லுங்க, நான் முடிச்சுத் தாரேன்."

ஐயம்பெருமாள் காக்கையைப் பார்த்துப் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை எம் மவனுக்கு இங்கன பொண்ணு பாக்க இருந்தோம். முன்னோரே காக்காயா வந்து வழிய மறிச்சுட்டாவ. கீழரத வீதியில கோமுன்னு ஒரு பிள்ளை. அவ வீட்டுல போயி, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிரும்வே."