நீல ஃப்ரிட்ஜின் கதவு

ஓர் அடுக்களையில் நீல ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. வந்த வருஷமே அதன் கதவு சரியாகப் பொருந்தாமல் போயிற்று. வீட்டுக்காரி செண்பகவல்லி இடுப்பால் ஓர் இடி இடித்துத்தான் சாத்துவாள்.

"இவளுக்கென்ன, கையா இல்லை?" என்று முதலில் அதற்குக் கோபம் வந்தது. பிறகுதான் பார்த்தது: ஒரு கையில் மாவுச் சட்டி, மறு கையில் பிள்ளை. பிள்ளை வளர்ந்து காலேஜுக்குப் போன பிறகும், இரண்டு கையும் சும்மா இருந்தபோதும், அந்த இடி மட்டும் நிற்கவில்லை. இடி விழாத நாளில் ஃப்ரிட்ஜுக்கு என்னவோ போலிருக்கும்.

ஒரு கோடையில் குளிர் நின்றுபோய், உள்ளே மாவு பொங்கி வழிந்தது.

"கம்ப்ரசர் போயிருச்சுக்கா. ரிப்பேர் பண்ணலாம், ஆனா எத்தனை நாள் ஓடும்னு சொல்ல முடியாது. பேசாம புதுசு வாங்கிருங்க" என்றார் மெக்கானிக்.

செண்பகவல்லி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது.

"இதைப் பழைய இரும்புக்குப் போட்டுரலாமா?" என்று கேட்டார் அவள் கணவர்.

"வேண்டாம், இருக்கட்டும். அரிசி பருப்பு வைக்க ஆகும்."

புது ஃப்ரிட்ஜின் கதவு விரலால் தொட்டாலே சாத்திக்கொள்ளும். ஆனாலும் மறுநாள் காலையிலேயே அதன் மேல் 'தொம்' என்று ஓர் இடி விழுந்தது.

"அண்ணே, நான் என்ன தப்புச் செஞ்சேன்? எதுக்கு இந்தம்மா என்னை இடிக்கிறாங்க?" என்று அழாக்குறையாகக் கேட்டது அது.

மூலையில், வயிற்றில் அரிசி மூட்டையோடு நின்றிருந்தது நீல ஃப்ரிட்ஜ்.

"அது உனக்கு விழுந்தது இல்ல, தம்பி" என்றது. "எனக்கு."