கசியும் மேடு

"தண்ணிய நிறுத்துறீங்களாண்ணே, இல்ல நான் ஆபீசுல சொல்லி ஆளக் கூட்டியாரவா?"

கண்ணுச்சாமி வீட்டு வாசலில் நின்று வீரலட்சுமி கேட்டது தெருவுக்கே கேட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

போடிக்கு வரும் ரயில் பாதையைத் தினமும் நடந்து பார்த்து வருவது வீரலட்சுமியின் வேலை. ஊர் நெருங்கும் இடத்தில் பாதைக்கு ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் செங்குத்தான மண்மேடு. மேட்டின் உச்சியில் கண்ணுச்சாமியின் வாழைத்தோட்டம்.

மழைக்காலத்தில் அந்த மேடு சரிவது வழக்கம்தான். அப்போது ராத்திரி பகலாக ஆள் போட்டுக் காவல் காப்பார்கள். ஆனால் இப்போது அடிக்கிற வெயிலிலும் மேட்டு மண்ணில் தண்ணீர் கசிகிறதே, எப்படி? மேலே மோட்டார் வைத்திருப்பவர் கண்ணுச்சாமி ஒருத்தர்தான். கணக்கு நேராக இருந்தது.

"பாக்குறேன் தாயி" என்றார் கடைசியில். கல்லுளிமங்கன் மாதிரி அவ்வளவுதான் பதில்.

தெரு சும்மா இருக்குமா? பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்த ஊர் அது. நாலு வாழைத்தாருக்காக ஒரு மனுஷன் ரயிலையே கவிழ்க்கப் பார்க்கிறானே என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றது.

ஆனால் கசிவு நிற்கவில்லை. கூடியது.

வீட்டுக்கு வந்தாலும் வீரலட்சுமிக்கு அதே நினைப்பு. புருஷன் முத்துப்பாண்டி விடியுமுன் ஜீப்பில் மலையேறி, ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு இருட்டும்போது வருவான். அவனிடம்தான் கொட்டித் தீர்ப்பாள். நேற்றைவிட இன்றைக்கு அதிகம் ஈரம் என்பாள். கீழே நடக்கும்போது தலைக்கு மேல் பொலபொலவென்று உதிர்கிறது என்பாள். சாப்பிட உட்கார்ந்தால் பிசைந்த சோறு கையிலேயே இருக்கும்.

"ஒண்ணும் ஆகாது புள்ள. வேணும்னா பாரு" என்பான் அவன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தலைக்கு மேல் மண் நிற்பது அவனுக்கா, அவளுக்கா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தபோது மேட்டின் நெஞ்சில் கை நுழைகிற அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கல் உருண்டு வந்து தண்டவாளத்தில் மோதியது.

சிவப்புக் கொடியைப் பாதையில் நட்டுவிட்டு ரயில்வே இன்ஜினியருக்கு போன் போட்டாள். சாயங்கால ரயிலைத் தேனியிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். "தண்ணி விடுறது யாருன்னு பார்த்துப் பேரைச் சொல்லு. கேஸ் போட்டுடலாம்" என்றும் சொன்னார்.

கூட வேலை பார்க்கும் ஆட்கள் வந்து காவலுக்கு நின்றதும், சுற்றுவழியாக மேட்டில் ஏறினாள். மோட்டார் ஓடும் சத்தம் பாதி வழியிலேயே கேட்டது. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினாள்.

கண்ணுச்சாமி மோட்டார் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் ஹோஸ் வாழைக்குப் போகவில்லை. வாழை வாடிக் கிடந்தது. ஹோஸ் நேராக மேட்டின் விளிம்புக்குப் போனது.

அங்கே குத்தவைத்து, கையில் ஹோஸோடு, முத்துப்பாண்டி.

அவன் முன்னால் விளிம்பு நெடுக வெட்டிவேர் நாற்று வரிசை வரிசையாக நட்டிருந்தது.

"நீங்க இங்க என்ன செய்றீங்க?"

அவன் திருட்டு முழி முழித்தான். அப்புறம் சிரித்தான்.

"மலையில ரோட்டோரம் பூரா இதான் வச்சிருக்கோம் புள்ள. எம்புட்டு மழை பேஞ்சாலும் ஒரு பிடி மண்ணு எறங்காது. இங்க மழையில்லையே, அதான் அண்ணேகிட்ட தண்ணி கேட்டு, தெனமும் ஜீப்புல எறங்குனதும் இங்க வந்து விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். ரயில்வே எடம், தெரிஞ்சா நீ நட விடமாட்ட, அண்ணேகிட்டயும் சொல்ல வேணாம்னுட்டேன். கசியுது கசியுதுன்னு நீ பொலம்புனியா, வெரசா வேரு புடிக்கட்டும்னு இன்னும் கூட விட்டேன்."

அவள் பயந்து பயந்து சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் இங்கே கூடுதலாகத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது.

"மோட்டார நிறுத்துங்கண்ணே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் காலடியில் பூமி அதிர்ந்தது. கண்ணுச்சாமி பாய்ந்து முத்துப்பாண்டியின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். விளிம்பு பிளந்து, நாற்று வரிசையோடு ஒரு லாரி மண் கீழே போனது.

அவள் எட்டிப் பார்த்தாள். காவலுக்கு நின்றவர்கள் தள்ளித்தான் நின்றிருந்தார்கள். தண்டவாளம் மட்டும் தெரியவில்லை. தினமும் அவள் நடக்கிற இடம் அது.

முத்துப்பாண்டி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. சேறு அப்பிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. இன்ஜினியர்.

கண்ணுச்சாமி அவள் பக்கத்தில் வந்தார். தெரு முழுக்கத் திட்டியபோது திறக்காத வாய் இப்போது திறந்தது.

"மோட்டாரும் என்னுது, தண்ணியும் என்னுது. எம் பேரச் சொல்லிரு தாயி. எனக்கென்ன, ஏற்கெனவே ஊருக்கே நான்தான் கெட்டவன்."

சொல்லிவிடலாம். ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். நாலு பேர் நடுவில் அவரைக் கைநீட்டிப் பேசியவளே அவள்தான். அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"தண்ணி விட்டது யாருன்னு தெரிஞ்சுதா வீரலட்சுமி?"

"தெரிஞ்சுது சார். பேரு முத்துப்பாண்டி. எந்தலையில மண்ணு விழுந்துறக் கூடாதுன்னு எம் புருஷன்தான் சார் விட்டிருக்காரு."