ஞாயிற்றுக்கிழமையில் ஓர் ஓட்டை

டோர்லே பகடையை உருட்டினாள். ஐந்து விழுந்தது. ஆட்டப் பலகையில் அவளுடைய குள்ளன் பனிக்கோட்டை வாசலைத் தாண்டி, டிராகன் குகைக்கு இரண்டு கட்டம் முன்னால் போய் நின்றான்.

"அப்பா, இந்தத் தடவையும் டிராகன் கல்லு எனக்குத்தான்!"

அப்பா ரூடிகரின் கவனம் ஆட்டத்தில் இல்லை. கீழ் வீட்டில் காலையிலிருந்தே ஒரே கூச்சல். அவன் ஜன்னலைப் பார்ப்பதும், மூலையிலிருந்த அலமாரியைப் பார்ப்பதுமாக இருந்தான். மனைவி ஹைக்கே பிளம்ஸ் கேக்கை வெட்டிக்கொண்டே மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் போலீஸ்காரர் எக்லே. ஷூவை மிதியடியில் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"ஞாயித்துக்கிழமைல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். கீழ் வீட்டு ட்ரவுட்வைன் அம்மா புகார் குடுத்திருக்காங்க. சர்ச்சுக்குச் சட்டைல குத்திக்கிட்டுப் போக ப்ரோச்ச எடுத்தா, அதுல இருந்த மாணிக்கக் கல்லக் காணோமாம். யாரோ நெம்பி எடுத்திருக்காங்க. நேத்து அவங்க வீட்டுல விளக்கு மாட்டினது நீங்கதானாமே?"

"ஆமா சார். உதவி பண்ணினதுக்கு இதுதான் கூலியா?" என்றான் ரூடிகர்.

ஹைக்கே முந்திக்கொண்டாள். "மாடிப்படில ஒரு இலை கெடந்தாக்கூட, 'இந்த வாரமும் நீங்களே பெருக்குங்க'ன்னு பெருக்கற முறை யாருதுன்னு காட்டற பலகைய மறுபடியும் எங்க கதவுலயே மாட்டிட்டுப் போற அம்மா சார் அவங்க. எங்களச் சொல்லாம வேற யாரச் சொல்வாங்க?"

எக்லேவுக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய மாமியாரும் அந்த ரகம்தான். ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

"ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன். வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."

"ஒளிக்க என்ன இருக்கு? பாருங்க. டோர்லே, நீ ஆட்டத்தக் கவனி" என்றாள் ஹைக்கே.

படுக்கையறை, சமையலறை, காபித்தூள் டப்பா எல்லாவற்றையும் பார்த்தார் எக்லே. ஒன்றுமில்லை. ஆனால் அவர் எங்கே போனாலும் ரூடிகரின் கண் அந்த மூலை அலமாரிக்கே போய்த் திரும்பியது. திருடனைத் தேள் கொட்டியது போல முகம். கையிலிருந்த பகடை நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது.

"அந்த அலமாரில என்ன?"

"பழைய துணி சார். வெறும் துணி."

"அப்ப திறக்கலாமே?"

ரூடிகர் எழுந்து அலமாரிக்குக் குறுக்கே நின்றான். ஹைக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதும் ரூடிகர், விடு. அவரே பாத்துக்கட்டும்."

எக்லே திறந்தார். மடித்த போர்வைக்குள் கனமாக ஏதோ ஒன்று. பிரித்தார். சுவரில் துளை போடும் மெஷின்! அதன் முனையில் சுண்ணாம்புத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான். ஆனாலும் எக்லேவின் முகம் இறுகியது.

"இன்னிக்கா?"

"மதியம் சார். ஒரே ஒரு ஓட்டை." ரூடிகர் சுவரைக் காட்டினான். "படம் மாட்டலாம்னு..."

"ஞாயித்துக்கிழமைல! இன்னிக்கு மெஷின் சத்தமே கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல? அந்த அம்மா கல்லுக்காகக் கொஞ்ச நேரம் அழுதாங்க, இந்தச் சத்தத்துக்காக ரொம்ப நேரம் கத்தினாங்க. நான்தான் நம்பல. ஜெர்மனில பொறந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை துளை போடுவானான்னு!"

"பொண்ணு முன்னாடி மானம் போகுது சார்."

எக்லேவுக்கு இரக்கமாகிவிட்டது. சுவரில் ஓர் ஓட்டை போட்டதற்கே இப்படி நடுங்குகிறவனா அடுத்தவர் நகையில் கை வைப்பான்? சந்தேகம் அங்கேயே செத்தது. இனிமேல் வாரநாளில்தான் துளை என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டு, கேக்குக்கு உட்கார்ந்தார். இதே பனிக்கோட்டை ஆட்டம் அவர் வீட்டிலும் உண்டு. எழுந்து போக மனம் வரவில்லை.

ரூடிகர் பகடையை உருட்டினான். ஆறு! அவனுடைய வீரன் நேராகக் குகைக்குள் நுழைந்தான். கல்லின் மேல் கை வைத்தான் ரூடிகர்.

"டிராகன் இன்னும் தூங்கல! கல்ல வைப்பா!" என்று கத்தினாள் டோர்லே.

"அதெல்லாம் தூங்கிடுச்சு."

"பொய்! ஏமாத்தற!"

"சண்டை வேண்டாம், சட்டத்தப் பாப்போம்" என்று விதித்தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார் எக்லே. "பாப்பா, ஆறு விழுந்தா டிராகன் முழிச்சிருந்தாலும் பரவால்ல. கல்லு வந்தவருக்குத்தான்."

அவரே அந்தச் சிவப்புக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "எங்க வீட்டுது இப்படி மின்னாது. பசங்க வாயில போட்டுப் போட்டு மங்கிப்போச்சு." பிறகு அதை ரூடிகரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "சட்டப்படி இது உங்களுது. வச்சுக்கங்க."

எக்லே கேக்கை முடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். டோர்லேவுக்கு மட்டும் ஆத்திரம் தீரவில்லை.

"இன்னொரு ஆட்டம்! கல்லக் குடுப்பா. இல்லேன்னா மொதல்ல அந்தப் படத்த மாட்டு. எந்தப் படம் அது?"

"எந்தப் படம்?" என்று கேட்டுக்கொண்டே ரூடிகர் கல்லைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

ஹைக்கே தையல் பெட்டியைத் திறந்து, ஆட்டத்தோடு கடையிலிருந்து வந்த அசல் பிளாஸ்டிக் கல்லை எடுத்து மகளிடம் நீட்டினாள்.