நாலு பேர் கேட்கும் வீடு

சந்துக்குள் இருந்த அந்த ஸ்பீக்கர் கடையைப் பரிதி தற்செயலாகத்தான் கண்டுபிடித்தான். “வீட்ல எத்தன பேரு கேப்பீங்க?” என்றார் கடைக்கார ஷாகுல் பாய். ஒருவன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, “நாலு” என்றான். மறுநாள் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“எல்லாரையும் உக்காரச் சொல்லுங்க. அவங்கவங்க காதுக்குத் தோதா திருப்பி வெச்சாத்தான் எனக்குத் திருப்தி.”

பரிதி மட்டும் வந்து நின்றான். அறையிலிருந்த ஒற்றை நாற்காலியைப் பாய் பார்த்தார்.

“பரவால்ல, நீங்களே மாறி மாறி உக்காருங்க.”

மூன்று இடங்களில் உட்கார்ந்து, மூவர் சார்பிலும் “கேக்குது பாய்” என்றான். நான்காவது இடம் சன்னலோரம்.

“இங்க யாரு?”

“அம்மா.”

“காது எப்பிடி?”

“கொஞ்சம் மந்தம்.”

பாய் சிரிக்கவில்லை. சத்தத்தைச் சற்றுக் கூட்டிவிட்டு, “இப்ப கேக்குதான்னு அவங்ககிட்ட கேளுங்க” என்றார்.