டீசல் தண்ணிக் கொடுவா

"ஆன்ட்டி, துப்புங்க! விழுங்கிடாதீங்க!"

உள்ளறையிலிருந்து போனும் கையுமாக ஓடி வந்தாள் ஜெரூஷா. அஸ்தினாபுரம் வீட்டின் சாப்பாட்டு மேஜை உறைந்துபோனது. கல்யாணத் தேதி குறிக்க வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா தபீதாளின் வாயில் பாதித் துண்டு கொடுவா மீன். பக்கத்தில் மாப்பிள்ளை காலேப்.

"என்னடி ஆச்சு?" ஜெரூஷாவின் அம்மா ஜான்சி பதறினாள்.

"மார்க்கெட் போக நேரமில்லம்மா. நான் வேலை பார்க்குற மீன் ஆராய்ச்சி லேப்ல வளர்த்த நல்ல மீனா பார்த்து எடுத்துட்டு வந்தேன். பை மாறிப்போச்சாம், இப்பத்தான் போன் வந்துச்சு. இது நேத்து வரைக்கும் டீசல் தண்ணியில கிடந்த ஆராய்ச்சி மீன்!"

தபீதாள் துப்பினாள். "இயேசப்பா! ஏற்கெனவே ரெண்டு துண்டு உள்ள போயிடுச்சே! சம்பந்தி, நல்லா கழுவினீங்களா?"

"கழுவினா போகாது ஆன்ட்டி. டீசல் செவுள் வழியா ரத்தத்துல ஏறிடும். கல்லீரல் அதை உடைச்சு பித்தப்பைக்குத் தள்ளும். அங்கேருந்து குடல் வழியா வெளியேறும்."

"வெளியேறிடும்ல?"

"வெளியேறிடும். மீனைக் கொண்டுபோய் ரெண்டு வாரம் நல்ல தண்ணியில விட்டா."

"மீன் கிடக்கட்டும். என்னை எந்தத் தண்ணியில விடுறது?"

காலேப் அவசரமாக இருமினான். தபீதாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மீன் வேலை வேணாம்னு அப்பவே சொன்னேன். கேட்டாளா? தேதியும் வேணாம், ஒண்ணும் வேணாம். டேய், காரை எடு! டாக்டர்கிட்ட போகணும்!"

தபீதாள் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள்.

"மூணாவது சம்பந்தம்டி! இதுவும் போச்சா?" என்று மகளிடம் பல்லைக் கடித்துவிட்டு, "சம்பந்தி, ஒரு நிமிஷம்!" என்று பின்னாலேயே ஓடினாள் ஜான்சி.

காலேப் மேஜை மேலிருந்த கார் சாவியை எடுத்தான். பிறகு, தட்டிலிருந்த பெரிய துண்டையும் எடுத்து வாயில் போட்டான்.

"ஐயோ, டீசல்ங்க அது!"

"பித்தப்பை பத்தி எவ்வளவு அழகா சொன்னீங்க! வேலையை விட்டுடாதீங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்." நிதானமாக மென்று விழுங்கியவன், குரலைத் தாழ்த்தினான்.

"காலையில தாம்பரம் மார்க்கெட்ல செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து இந்தக் கொடுவாவை வாங்கினீங்களே... உங்களுக்குப் பின்னாடி கூடையோட நின்னது நான்தான்."