எங்கள் ஊர்க் கடிதம்

புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு வானொலியில் ‘வீட்டு வழக்கு’ நடக்கும். மாமி, மருமகள் சண்டைக் கடிதங்களை ஊரும் பெயரும் சொல்லி வாசித்து, பிழை யாருடையது என்று காரசாரமாகத் தீர்ப்பும் சொல்வார்கள். கனகராயன்குளத்தில் வானொலிப் பெட்டி இருந்த ஒரே வீடு இராசமலருடையது. அயல் பெண்கள் எல்லோரும் அங்கே கூடிவிடுவார்கள்.

"இண்டைக்கு எங்கடை ஊர்க் கடிதமாம்! போன கிழமை சொன்னவங்கள்" என்றாள் அடுத்த வீட்டு யோகம்.

இராசமலர் வானொலிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன் மாமியோடு கோபித்துக்கொண்டு அவளும் இந்த நிகழ்ச்சிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். அதன்பிறகு அவள் காய்ச்சலில் கிடந்தபோது, பத்து நாளும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அதே மாமிதான்.

மாமி வானொலியைத் திருகினார். சத்தமே வரவில்லை.

"பற்றரி முடிஞ்சு போச்சுப் போலை. போயிட்டு வாங்கோ, பிள்ளையள்."

பெண்கள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். இராசமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போன கிழமைதானே மாமி புதுப் பற்றரி போட்டது?"

மாமி தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் வயரைக் கழட்டி விட்டனான். அண்டைக்குக் கோவத்திலை உன்னைப்பற்றி ஒரு கடிதம் எழுதிப் போட்டிட்டன், பிள்ளை. மற்றவையின்ரை சண்டையைக் கேக்கேக்கை நல்லாத்தான் இருந்தது."

இராசமலர் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒண்டு போட்டனான், மாமி."

மாமி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

"அப்ப இப்ப ஆரின்ரை கடிதம் வாசிக்கிறாங்களோ?"

"தெரியாது மாமி. தெரியவும் வேண்டாம்."